மூடியைத் திறக்காமல் போட்ட எடை

எங்கள் குடியிருப்பு அடையாறில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. கீழே வண்டிகள் நிறுத்தும் இடம், மேலே மூன்று மாடி, மாடிக்கு நான்கு வீடு. பன்னிரண்டு வீடுகளில் எட்டில் மீன் சமைப்பார்கள், நான்கில் சமைக்க மாட்டார்கள். நாங்கள் முதல் மாடியில் மூன்றாம் எண் வீட்டில் இருந்தோம். எங்களுக்கு நேர் மேலே ஏழாம் எண் வீடு. அந்த வீட்டுக்கு நான் செய்ததை வரிசை தவறாமல் எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருந்தேன்.

எனக்கு அப்போது தெரியாதிருந்த விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வீட்டுக்காரர் கிண்டியில் ஒரு சிறிய தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்தார். அந்த ஆடி மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, அவரையும் இன்னும் சிலரையும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டில் சொல்லவில்லை. மறுநாளும் எட்டு மணிக்குச் சாப்பாட்டுப் பையுடன் படியிறங்கினார். பஸ் நிறுத்தம் வரை போய், அங்கிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பி, குப்பத்தில் இழுத்து ஏற்றியிருந்த படகுகளின் நிழலில் உட்கார்ந்தார். வேலை நாளெல்லாம் அப்படித்தான். தீர்த்துக் கொடுத்த தொகையைப் பிரித்து, மாதம் பிறந்ததும் சம்பளம் என்று மனைவியிடம் கொடுத்தார். தீபாவளிக்கு போனஸ் என்று சொல்லி ஒரு பட்டுப் புடவைகூட வாங்கி வந்தார். அந்த அம்மாள் அதைக் கட்டிக்கொண்டு எல்லா வீட்டுக்கும் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்.

வேலை போன விஷயம் அந்த அம்மாளுக்கு மூன்றாம் நாளே, புதன்கிழமையே, தெரிந்துவிட்டது. எங்கள் குடியிருப்புக்கு மீன் கொண்டுவரும் அம்மா குப்பத்தைச் சேர்ந்தவர். செவ்வாய்க்கிழமை படகு நிழலில் கணவரைப் பார்த்துவிட்டு, புதன்கிழமை எல்லோரும் போன பிறகு தாமதமாக மீன் வாங்க வந்த அந்த அம்மாளிடம் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்: “இன்னாமா, சாருக்கு லீவா? போட்டாண்ட குந்திக்கினு கீறாரு.” அன்றிலிருந்து அந்த அம்மாள் காத்துவந்தது ஒன்றே ஒன்றைத்தான். தனக்குத் தெரியும் என்பது கணவருக்குத் தெரியக்கூடாது. தன்னால் அது முடியும் வரை அவர் தலை நிமிர்ந்து படியிறங்கட்டும் என்று நினைத்தார். மீன்காரம்மாவைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. எனக்கு இது, எல்லாம் முடிந்த பிறகுதான் என் மனைவி மூலமாகத் தெரிந்தது.

இனி என் பக்கம்.

தி. நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால் இருந்த எங்கள் அலுவலகத்தில் நான் கணக்குப் பிரிவில் மூத்த உதவியாளன். அதற்கு முந்தைய வருடம் எங்கள் பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மூன்று நாள் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது என்னைவிட இளையவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நான் போனேன். ஸ்ப்ரெட்ஷீட்டை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாக ஒரு தாள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதை நம்பியிருந்த எல்லாக் கட்டங்களும் தாமாக மாறின. இருபது வருடமாகப் பேரேட்டில் கூட்டிக் கழித்துப் பென்சிலால் டிக் போட்டுவந்த எனக்கு, அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது ஏதோ பதவி உயர்வு கிடைத்ததுபோல இருந்தது.

என் டைரியில் நிகழ்ச்சிகளைவிட விலைகள் அதிகம். என்ன வாங்கினோம், எங்கே, எவ்வளவு, என்ன விலை என்று கல்யாணமான நாளிலிருந்து எழுதிவருகிறேன். மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் அந்த விலைகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். துவரம்பருப்பு, கடலை எண்ணெய், புழுங்கல் அரிசி, தக்காளி, சின்ன வெங்காயம், பால். மாத சராசரி, வருட ஏற்றம், எங்கள் நான்கு பேருக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. வாரம் இருமுறை மயிலாப்பூர் குளக்கரை மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கினால், பஸ் கட்டணம் போகவும் மிச்சம் என்று தெரிந்தது. என் மனைவி பதினெட்டு வருடமாக வாங்கிவந்த தெருமுனைக் கடையை அந்த வாரமே நிறுத்தினேன். ஏம்மா இப்பல்லாம் வர்றதில்லை என்று கடைக்காரர் கேட்டதற்கு, கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லிடுச்சு என்றாளாம்.

மீன் மட்டும் என் தாளில் அடங்கவில்லை. மற்றதெல்லாம் கிலோ, லிட்டர். மீன்காரம்மா விற்பது கூறு. கூடையைக் கீழே இறக்கி, பிளாஸ்டிக் விரிப்பில் சங்கராவையோ கிழங்கானையோ சிறு சிறு குவியலாகப் பிரித்து வைப்பார். ஒரு குவியல் ஒரு கூறு. கூறுக்குத்தான் விலை. பேரம் முடிந்ததும் இன்னும் இரண்டு மீனை எடுத்து மேலே போடுவார், அல்லது போட மாட்டார். வஞ்சிரத்தை மட்டும் துண்டு போட்டு விற்பார். எடை என்ற பேச்சே கிடையாது. என் தாளில் மீனுக்கு ஒதுக்கிய பத்தி ஆறு மாதமாகக் காலியாகக் கிடந்தது. அது எனக்குப் பல்லில் சிக்கியதுபோல உறுத்தியது.

ஆனி மாதத்தில் ஒரு ஸ்பிரிங் தராசு வாங்கினேன். மேலே வளையம், கீழே கொக்கி. மீன்காரம்மா புதனும் ஞாயிறும் ஏழரை மணிக்கு வருவார். நான் அலுவலகத்துக்குக் கிளம்ப எட்டே முக்கால் ஆகும். அந்த ஒன்றேகால் மணி நேரம் மாடிப்படியின் அடியில் நின்று, மீன் வாங்கிக்கொண்டு மேலே ஏறும் ஒவ்வொருவரிடமும் பாத்திரத்தை வாங்கிக் கொக்கியில் மாட்டி எடை போட்டேன். வீட்டு எண், மீனின் பெயர், எடை, கொடுத்த பணம். ஒவ்வொரு வீட்டுப் பாத்திரத்தின் வெறும் எடையையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு அவர்களே விரும்பிக் கேட்க ஆரம்பித்தார்கள், இந்த வாரம் யார் ஜெயிச்சா சார் என்று.

மீன்காரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “கெவுர்மெண்ட்ல இருந்து வந்துக்கினு கீறாரு, எட போட,” என்று கூடையைப் பார்த்துச் சொல்வார். ஒரு நாள் என்னை நேராகவே கேட்டார், கடல்ல இன்னும் கிலோ போட்டு மீன் வுடல, தெரியுமா சார் என்று.

ஏழாம் வீட்டு அம்மாள் முதல் ஏழு வாரம் மற்றவர்களோடு சேர்ந்துதான் வந்தார். ஆடிக் கடைசியிலிருந்து கடைசி ஆளாக வர ஆரம்பித்தார். எல்லோரும் மேலே போன பிறகு, புதன்கிழமையென்றால் கணவரும் கிளம்பிய பிறகு, எட்டேகாலுக்கு இறங்குவார். ஒயர் கூடைக்குள் மூடி போட்ட அலுமினியப் பாத்திரம். ஏறும்போது நான் கை நீட்டினேன். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு கூடையோடு கொடுத்தார். கூடைப் பிடியைக் கொக்கியில் மாட்டினேன். கூடையையும் பாத்திரத்தையும் கழித்து நிகர எடை ஒரு கிலோ நூறு.

“என்ன மீன்?”

“சங்கரா,” என்றார். பணமும் சொன்னார்.

எழுதிக்கொண்டேன். மூடியைத் திறந்து பார்க்கவில்லை. பிறர் வீட்டுப் பாத்திரத்தின் மூடியைத் திறப்பது மரியாதையல்ல என்று நினைத்தேன். பத்து கிராம் வித்தியாசத்துக்காக வெறும் கூடையைத் தனியாக எடை போட்டவன், உள்ளே இருப்பது என்ன மீன் என்பதை வாய்ச்சொல்லாக ஏற்றுக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு புதனும் ஞாயிறும் அதே மூடி, அதே சங்கரா.

பாத்திரத்தில் இருந்தது வஞ்சிரத் தலை, வால், நேற்று விற்காமல் ஐஸில் கிடந்த மீதி. எங்கள் குடியிருப்பில் தலையை யாரும் வாங்குவதில்லை. மீன்காரம்மா அதை ஈரச் சாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து, எல்லோரும் போன பிறகு, பேருக்கு ஒரு பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தார். கணவர் கொடுக்கும் பணம் அப்போது இன்னும் குறையவில்லை. குறையப் போகிறது என்று தெரிந்து அந்த அம்மாள் முன்கூட்டியே மிச்சம் பிடிக்க ஆரம்பித்திருந்தார்.

கார்த்திகையில் எண்களை வரிசைப்படுத்தினேன். மழை பெய்த வாரங்களில் விலை ஏறியிருந்தது. புரட்டாசியில் மூன்று வீடுகள் மீனை நிறுத்தியதால் இறங்கியிருந்தது. இதெல்லாம் எனக்கு மிகுந்த திருப்தி அளித்தது. அடுத்து வீட்டுவாரியாகச் சங்கராவின் சராசரி விலை எடுத்தேன். ஏழு வீடுகள் ஏறக்குறைய ஒரே விலையில் நின்றன, கிலோவுக்கு நாற்பத்தைந்து ரூபாயை ஒட்டி. ஏழாம் வீட்டுக்கு இருபத்திரண்டு.

கணக்குப் பழகிய எவனும் அந்த இடத்தில் நின்றிருப்பான். ஒரே ஒரு எண் கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்றால், முதலில் அந்த எண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும். நான் நிற்கவே செய்தேன். கர்சரை அந்த வரிசையில் வைத்து, நீக்கிவிடலாமா என்று யோசித்தேன் என்று டைரியில் இருக்கிறது. நீக்கவில்லை. அந்த எண் எனக்குப் பிடித்திருந்தது. பாதி விலைக்கு விற்க அந்த மீன்காரியால் முடியும் என்பதற்கு அது சாட்சி. கூடையைப் பார்த்துப் பேசுகிறவளுக்கு ஒரு பதில்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாலை குடியிருப்போர் சங்கக் கூட்டம். வண்டிகள் நிற்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவோம். செயலாளர் மூன்றாம் மாடிக்காரர், மயிலாப்பூரிலிருந்து வந்தவர், மீன் வாடைக்கே மூக்கைப் பொத்துகிறவர். தண்ணீர் லாரிக் கணக்கு முடிந்ததும் நான் என் தாளின் நகல்களைக் கொடுத்தேன். எல்லோரையும்விட ஆர்வமாகப் படித்தவர் செயலாளர்தான்.

“எங்காத்துல மீனுமில்லே, முட்டையுமில்லே. ஆனா கணக்குன்னா நேக்குப் புரியும். ஏழாம் நம்பருக்குப் பாதி விலை. அப்போ மத்த ஏழு ஆத்துக்காராளும் ஏமாந்துண்டிருக்கேள்.”

எல்லோரும் ஏழாம் வீட்டு அம்மாளைப் பார்த்தார்கள். அவர் கணவர் வரவில்லை, உடம்பு அசதி என்று மேலே படுத்திருந்தார். பதினோராம் வீட்டு அம்மாள், என்ன மந்திரம் போட்டீங்க, எங்களுக்கும் சொல்லிக் கொடுக்கக்கூடாதா என்று கேட்டார். இவ்வளவு நாளும் வாயே திறக்காம பாதி விலைக்குத் தின்னுட்டு இருந்திருக்கீங்களே என்று இன்னொருவர் சொன்னார். சிரிப்பாகச் சொன்னதுதான், ஆனாலும் சிரிப்பு இல்லை.

அந்த அம்மாள் கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தார்.

“எனக்குக் கொஞ்சம் பேரம் பேச வரும்,” என்றார். “அவ்வளவுதான்.”

புன்னகையோடுதான் சொன்னார். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை கீழே கூட்டம் கூடிவிட்டது. செயலாளர் நேரில் வந்திருந்தார், கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு. இனி எல்லா வீட்டுக்கும் கிலோ இருபத்திரண்டு என்று மீன்காரம்மாவிடம் சொன்னார்கள். தாளை நீட்டினார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரோ வாசித்துக் காட்டினார்கள். ஏழாம் வீட்டுக்குச் சங்கரா இருபத்திரண்டு என்று கேட்டதும் அவர் தலை நிமிர்ந்து இரண்டாம் மாடிப் பால்கனியைப் பார்த்தார். அங்கே துணி காய்ந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை. அதன் பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ உள்ள பாத்தியா சார்?”

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றுதான் டைரியிலும் எழுதியிருக்கிறேன். எடை சரியாகத்தான் போட்டேன் என்றேன்.

“எடயத்தான் பாத்த,” என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “ஆமா, அந்த யம்மாக்குக் கம்மியாத்தான் குட்த்தேன். என் மீனு, என் கூட, என் இஷ்டம். உங்களுக்கு அந்த வெல கட்டாது. இன்னா பண்ணுவீங்க இப்ப?”

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பக்கம் நியாயம் வந்திருக்கும். சொல்லவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்தார். செயலாளர் அன்றே வாட்ச்மேனிடம், அந்தப் பொம்மனாட்டியை உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டார். யாரும் அவரிடம் வாங்கக்கூடாது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். ஏழாம் வீட்டு அம்மாளும் கையெழுத்துப் போட்டார். எட்டுக் கையெழுத்தும் வரிசையாக இருக்கின்றன. அவருடையது மற்றவற்றைவிடச் சிறியது.

மீன்காரம்மா அடுத்த புதனும் ஞாயிறும் வந்தார். கேட்டுக்கு வெளியே, சாக்கடை மூடியின் மேல் கூடையை வைத்து உட்கார்ந்தார். எங்கள் எட்டு வீடு அவருடைய வியாபாரத்தில் பெரும் பங்கு. பால்கனியில் நின்று எல்லோரும் பார்த்தார்கள், யாரும் இறங்கவில்லை. பதினோராம் வீட்டு அம்மாள் மேலிருந்து, இருபத்திரண்டுன்னா சொல்லு வரோம் என்று ஒருமையில் கூப்பிட்டார். ஒன்பது மணிவாக்கில் மீன்காரம்மா எழுந்து போனார். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். நானும் பால்கனியில் நின்று, அவர் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தார் என்று குறித்தேன்.

அந்த இரண்டாவது வாரத்து ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு ஏழாம் வீட்டு அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், உங்க பேப்பர்ல ஒரு தப்பு இருக்கு. நான் சொன்னதால வந்த தப்பு. நான் வாங்கினது சங்கரா இல்ல. வஞ்சிரத் தலை. சில நாள் வால், சில நாள் முந்தின நாள் மீன். அந்தம்மா யாரையும் ஏமாத்தல. அதை மட்டும் எழுதிப் போட்டுடுங்க.”

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஐந்தரை மாத உழைப்பை ஒரு பொய் கெடுத்துவிட்டது. ஆனால் திருத்தம் என்றால் முறையாகச் செய்ய வேண்டும். உள்ளே போய் முழுத் தாளையும் எடுத்துவந்தேன். ஏழாம் வீட்டுக்கு நாற்பத்தொரு வரிகள். பென்சிலை எடுத்துக்கொண்டு மறுபடியும் உட்காரச் சொன்னேன். இந்த முறை உட்கார்ந்தார்.

“முதல் வரி. என்ன?”

“அது சங்கராதான்.”

பதினான்காம் வரி வரை சங்கரா. பதினைந்தாம் வரியில் நிறுத்தினார்.

“இதுல இருந்து தலை.”

ஒவ்வொரு வரியாகப் போனோம். தலை. தலையும் வாலும். ஐஸ் மீன். தலை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பணமே வாங்கவில்லை, வெறும் பேச்சுக்குத்தான் உங்களிடம் ஒரு தொகை சொன்னேன் என்றார். அந்தத் தொகையை அடித்துவிட்டுச் சைபர் போட்டேன். தலை என்றால் எத்தனை தலை, எடையில் எலும்பு எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். சொன்னார். இருபத்தேழு வரிகளுக்கு அரை மணி நேரம் ஆனது. அவர் ஒரு முறைகூடக் குரலைத் தாழ்த்தவில்லை. எனக்குச் சரியாகப் பதில் சொல்கிற ஆள் கிடைத்த சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

என்ன கஷ்டம் என்று நான் கேட்கவில்லை. அது என் பத்தியில் இல்லை.

எழுந்திருக்கும்போது அவர் கேட்டார்.

“தேதி இல்லாம போட முடியுமா சார்?”

“தேதி இல்லாம எப்படி?”

“ஏழாம் நம்பர் வாங்கினது தலை மீன்னு ஒரே வரி போதுமே. தேதி வேண்டாம்.”

ஏன் என்று கேட்டேன்.  கதவைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, உங்க இஷ்டம் சார் என்று அவர் போனார்.

அவர் போனதும் என் மனைவி சொன்னாள். “அவங்க கேட்டபடி ஒரு வரி எழுதிடுங்க. நாலு எழுத்து. அது போதும்.”

ஆதாரமில்லாத திருத்தத்தை யார் நம்புவார்கள் என்றேன். எந்த மீன்காரியை நாலு பேர் முன்னால் திருடி என்றோமோ, அவள் பேரைத் துடைக்க வேண்டுமானால் முழு விவரமும் வேண்டும். இப்படி நான் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் இதில் மோசமான விஷயம்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் பதினைந்தாம் வரியிலிருந்து மீனின் பெயரை மாற்றினேன். எண்கள் தாமாக மாறின. ஏழாம் வீட்டின் சங்கரா விலை மேலே ஏறி மற்ற வீடுகளோடு போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு கூடுதல் பத்தி சேர்த்து அதில் தலை, வால், ஐஸ், இலவசம் என்று நிரப்பினேன். தேதி, கிழமை இரண்டும் இருந்தன. ஓரத்தில் துளை போட்ட நீளத் தாளில் பிரிண்டர் கீச்சிட்டுக்கொண்டு அடித்துத் தள்ளியது. அன்று சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, மாடிப்படி ஆரம்பிக்கும் இடத்தில் இருந்த அறிவிப்புப் பலகையில் நான்கு மூலையிலும் ஊசி குத்தி ஒட்டினேன். மேலே ‘திருத்தம்’ என்று கையால் எழுதினேன்.

ஆறு மணிக்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள். ஒருவர் படித்துவிட்டு மேலே போய் இன்னொருவரை அழைத்துவந்தார். யாரும் கேலி செய்யவில்லை, அதைவிட மோசமாக நடந்தார்கள். பதினோராம் வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தில் கோழிக்குழம்பு இரண்டாம் மாடிக்குப் போனது. கொடுத்துவிட்டு வந்தவர், பாவம், மூஞ்சியே சரியில்ல என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். செயலாளர் அங்கேயே நின்று, ஏழாம் நம்பருக்கு இரண்டு மாத மெயின்டனன்ஸைத் தள்ளுபடி செய்யலாம், அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைக்கிறேன் என்று உரக்கச் சொன்னார்.

ஆறரைக்கு ஏழாம் வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பையுடன் வந்தார். பலகையின் முன்னால் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் எப்போதும் பலகையைப் பார்க்காமல் ஏறிவிடுகிறவர், அவர்கள் விலகியதால் பார்த்தார். நான் முதல் மாடியில் எங்கள் வாசலில் நின்று, படிக்கட்டுக் கைப்பிடிக்கு மேலாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோர்ஸில் இருந்தவர், வரிசைகளைப் படிக்கத் தெரிந்தவர். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. பிறகு கீழே போகவில்லை.

ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தாளைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு ஏறி வந்தார். என் எதிரில் நின்றார்.

“இந்தப் பதினஞ்சாவது லைன் சார். இது புதன்கிழமைதானா?”

“ஆமாம்.”

“ஆடி மாசம், கடைசி புதன்.”

“ஆமாம்.”

“தேதி மாறியிருக்க வாய்ப்பில்லையா? அடுத்த வாரமா இருக்கலாமில்ல?”

இப்போது நினைத்தால், அவர் அதைக் கேட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐந்தரை மாதத்தில் ஒரு வரி பிசகியிருக்கலாம் என்று யாரும் நம்புவார்கள். அவரும் நம்பத்தான் கேட்டார்.

“தேதியில நான் தப்பு பண்ண மாட்டேன்,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தாளை மடிப்புகளின்படியே மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, தேங்க்ஸ் சார் என்று சொல்லி மேலே போனார். அன்று மேலே எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நானும் என் மனைவியும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும்தான் அவள் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அன்று பகலில், நான் அலுவலகத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் குப்பம் வரை நடந்து போய் மீன்காரம்மாவைப் பார்த்துக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். படகு, செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை எல்லாம். சாயங்காலம் நான் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே பலகையில் ஒட்டிவிட்டு வந்துவிட்டேன் என்பதால் சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்றாள். “சொல்லியிருந்தாலும் ஒட்டியிருப்பீங்க,” என்றும் சொன்னாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தித்தாளுடன் நின்றிருந்தேன். மேலே ஏழாம் வீட்டுக் கதவு திறந்தது. படிக்கட்டு வளைவில் ஆள் தெரியாது, பேச்சு மட்டும் கேட்கும்.

அந்த அம்மாளின் குரல். “பையை எடுத்துக்கலையா?”

“எதுக்கு?”

மறுபடியும் கணவரின் குரல்.

“நாலு மாசமா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே கட்டிக் கொடுத்திருக்கே. கதவைச் சாத்திட்டு எவ்வளவு சிரிச்சே?”

“நான் சிரிக்கலங்க.”

“நீயே எடுத்துட்டுப் போ. போய் அந்த போட்டாண்ட உக்காந்து சாப்பிடு. எப்படி இருக்குன்னு தெரியும்.”

கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் பையுடன் படியிறங்கி வந்தார். என்னைக் கடந்து போனார். கீழே வாட்ச்மேனிடம் பையைக் கொடுத்து, சூடாக இருக்கிறது, இப்போதே சாப்பிடு என்று சொன்னார். மேலே ஏறும்போதும் என்னைப் பார்க்கவில்லை. அவர் காலடிச் சத்தம் ஏழாம் வீட்டு வாசலில் போய் நின்றது. கதவைத் தட்டும் சத்தம் வரவில்லை. நான் எட்டே முக்காலுக்கு அலுவலகம் கிளம்பும்வரை, உள்ளிருந்து யாராவது திறக்கட்டும் என்று அங்கேயே நின்றிருந்தார்.